கைப் பிரேக் இழுக்காத ஊர்

கல்முனை றோட்டில் வான் ஓட்டுகிறவனுக்குக் கனடாவில் என்ன வேலை என்று எல்லாரும் கேட்டார்கள். கார் ஓட்டுகிற வேலைதான்.

என் தங்கை மலர் மொன்றியலில் இருக்கிறாள். அவளுடைய புருசன் யோகனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும். அடுத்த முறையும் தவறினால் மூச்சு முட்டும். தொடக்கத்தில் தானே காரை ஓட்டிப் போய் வந்திருக்கிறான். ஒரு நாள் திரும்பி வரும்போது தலை சுற்றி, காரைப் பனிக் குவியலில் ஏற்றிவிட்டான். இனி ஓட்டக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போய்ப் பார்த்தான். வரும்போது பஸ் தரிப்பில் விழுந்தான். நோயாளிகளை ஏற்றுகிற வாகனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதில் இல்லை. மேல் வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் பரம் கொஞ்ச நாள் கொண்டுபோய் விட்டார். அவருக்கு வேலை நேரம் மாறிவிட்டது.

மலரிடம் லைசன்ஸ் இருக்கிறது. கோடையில் எடுத்தாள். பனியில் ஓட்ட யோகன் விடவில்லை. அப்படித்தான் எனக்கு அழைப்பு வந்தது. சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்புக்குப் போகப் பாதை திறந்திருந்தது. விசாவும் கிடைத்தது. ஒரு மாதம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இறங்கினேன். விமான நிலையத்துக் கதவு திறந்ததும் மூக்குக்குள் ஊசி குத்தியது. மூக்கில் உள்ள ஈரம் உறைகிறதாம். மலர் யோகனின் பெரிய கோட்டைக் கொண்டுவந்திருந்தாள். போட்டேன். தோள் காணாது, கை நீளம். ராக்சிக்காரர் ஹெயிட்டி நாட்டு ஆள். மலரோடு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு வந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். இந்த மாதத்தில் மொன்றியலை விட்டு ஓடுகிற ஆட்களைத்தான் தான் ஏற்றுவதாம், உள்ளே வருகிற ஆளை இன்றைக்குத்தான் ஏற்றியிருக்கிறாராம்.

வீடு நோத்ர-டாம்-த-கிரேசில், மூன்று தட்டுக் கட்டிடத்தில் கீழ்த் தட்டு. யோகன் கதவைத் திறந்தான். கலியாணத்தன்று பார்த்த ஆள் இல்லை. முகம் வீங்கி, கால் மெலிந்து இருந்தான். பயணம் எப்படி என்று கேட்டான். நல்லம் என்றேன். கார் பின்னால் ஒழுங்கையில் நிற்கிறது, நாளைக்குக் காட்டுகிறேன் என்றான். வேறு கதை இல்லை.

ஊரிலிருந்து கூனி இறால் வறுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவனுக்கு உப்பு ஆகாது. பையைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுக் கட்டி மலரிடம் கொடுத்தான். தண்ணீரும் அளவுதான். நா வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வான். வெளியே ஊர் முழுக்க ஐஸ் கிடக்கிறது. வீட்டுக்குள் அவனுக்கு எண்ணிக் கொடுக்கிறார்கள்.

திங்கள் காலை வகுப்பு நடந்தது. நான் ஒழுங்கையில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். யோகன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு குசினி யன்னலை ஒரு சாண் திறந்து அங்கிருந்து சொன்னான். பழைய ஜப்பான் கார். முன்பக்கத்தில் ஒரு வயர் வெளியே தொங்கியது. குசினிப் பிளக்கிலிருந்து இன்னொரு நீள வயர் யன்னலால் இறங்கி வந்து அதில் மாட்டியிருந்தது. யன்னல் இடைவெளியில் பழந்துணி அடைத்திருந்தார்கள். இரவில் எஞ்சினுக்குள் ஒரு சின்ன ஹீற்றர் வேலை செய்யுமாம். அது இல்லாவிட்டால் எண்ணெய் தேன் மாதிரித் தடித்து, காலையில் எஞ்சின் சுற்றாது. வாகனத்தைக் கரண்டில் மாட்டி வைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னும் சொன்னான். பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, வெறுமையான இடத்தில் ஈரம் பிடித்து உறையும். நிறுத்தினால் வைப்பரைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனவுடன் மிதிக்கக் கூடாது, ஆனால் நெடுநேரம் நின்று உறுமவும் கூடாது, மெதுவாக ஓடித்தான் சூடாக வேண்டும். டிக்கியில் பனி அள்ளுகிற சவள், மண் பை, பழைய கம்பளத் துண்டு இரண்டு. சில்லு சறுக்கினால் அடியில் கொடுக்க.

இருபது வருசமாக வாகனம் ஓட்டுகிறேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

தண்ணீர்க் கான் எங்கே என்றேன். எங்கள் வானில் சீற்றுக்கு அடியில் எப்போதும் ஒரு கான் இருக்கும். ஓந்தாச்சிமடம் தாண்டினால் ரேடியேற்றர் கொதிக்கும். இறங்கி ஊற்றிவிட்டுப் போவோம். யோகன் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

"தண்ணிய ஊத்தினா உறைஞ்சு எஞ்சின் வெடிச்சிரும் மச்சான். இந்தக் காருக்கும் எனக்கும் ஒரே வருத்தம். ரெண்டு பேருக்கும் தண்ணி ஆகா."

நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்திவிட்டது.

பின்னேரம் மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன். ஸ்ரேறிங் இடது பக்கம், ஓடுவது வலது பக்கம். றோட்டில் உப்புப் போட்டு, பனி கரைந்து சேறாகக் கிடந்தது. வயலுக்குள் ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வரை போய், பாதையை மனதில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஒழுங்கையில் நிறுத்தினேன். வயரை மாட்டினேன். வைப்பரைத் தூக்கினேன். எல்லாம் சொன்னபடி.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு இறங்கினோம். காது மடல் எரிந்தது. எஞ்சின் ஒரே சுற்றில் எடுத்தது. யோகன் ஏறிப் பின் சீற்றில் இருந்தான். கியரைப் போட்டு மிதித்தேன். எஞ்சின் கத்தியது. கார் அரை அடி இழுபட்டு நின்றது. மலர் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள், பின் சில்லு இரண்டும் சுற்றவில்லை, சறுக்கிக்கொண்டு வருகிறது.

யோகன் பின் சீற்றிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தான். பிறகு கேட்டான்.

"நேத்து கைப் பிரேக் இழுத்தியா?"

"இழுத்தன்."

ஊரில் எங்கே நிறுத்தினாலும் இழுப்பேன். கியரை நம்பி வானை விட்டால் அது ஆற்றுக்குள் போய்விடும். நிறுத்தினால் கை தானாகப் போகும். இங்கே யாரும் பனிக்காலத்தில் அதைத் தொடுவதில்லையாம். றோட்டுச் சேறு பிரேக்குக்குள் போய், இரவில் உறைந்து, பிரேக்கையும் சில்லையும் ஒன்றாக ஒட்டிவிடும். யோகன் எல்லாம் சொன்னான், இதைச் சொல்லவில்லை. இங்கே பத்து வருசம் இருந்தவனுக்கு அது சொல்ல வேண்டிய ஒன்றாகத் தெரியவில்லை.

ராக்சிக்கு மலர் போன் எடுத்தாள். இந்தக் குளிரில் எல்லாரும் கேட்கிறார்கள், ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். நான் குசினிக்குள் ஓடிக் கேத்தலில் கொதிதண்ணீர் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுப் படியில் நின்ற றெஜான் என்ற வெள்ளைக்காரர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். பஸ் ஓட்டி இளைப்பாறியவர். அவர் சொன்னதை மலர் சொன்னாள். ஊற்றினால் பத்து நிமிசத்தில் இன்னும் கல்லாகிவிடுமாம். திரும்பி வீட்டுக்குள் போனார். ஒரு நீள வயரும், காட்போட் மட்டையும், பெண்கள் தலைமுடி காய வைக்கிற மெஷினும் கொண்டுவந்தார். யன்னலில் அவருடைய மனைவி நின்று பார்த்தா. தலையில் துவாய் சுற்றியிருந்தா.

மட்டையைப் போட்டு நான் படுத்தேன். யோகனின் கோட் காருக்கு அடியில் போகவில்லை. கழற்றிவிட்டுப் படுத்தேன். கை விறைத்து மெஷினைப் பிடிக்க முடியவில்லை.

"விலகுங்க அண்ணன்," என்றாள் மலர்.

சின்ன உடம்பு. தோள் வரை உள்ளே போய்விட்டாள். யோகன் கண்ணாடியை இறக்கி அவளை எழும்பச் சொன்னான். அவள் எழும்பவில்லை. சூடான காற்றைப் பிடித்துக்கொண்டே றெஜானோடு பிரெஞ்சில் கதைத்தாள். அவர் ஒரு சுத்தியலால் சில்லின் உட்பக்கத்தைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் டக் என்று ஒரு சத்தம். ஒரு சில்லு விட்டது. மலர் மற்றப் பக்கம் போய்ப் படுத்தாள்.

புறப்படும்போது றெஜான் கண்ணாடியால் தலையை நீட்டிக் கைப் பிரேக்கைக் காட்டி ஏதோ சொன்னார். மலர் சிரிக்காமல் சொன்னாள்.

"நவம்பரில இருந்து ஏப்ரில் வரைக்கும் அது தொப்பி மாட்டுற கம்பியாம்."

மெர்சி என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு.

பிந்திப் போனதால் மெஷினில் முழு நாலு மணித்தியாலமும் கிடைக்கவில்லை. அந்தக் கதிரைக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். மூன்று மணித்தியாலத்தோடு கழற்றிவிட்டார்கள். யோகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. புதன் முழுக்க அவனால் சாய்ந்து படுக்க முடியவில்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்தான். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஈரச் சத்தம் கேட்டது. மலர் வேலைக்குப் போய்விட்டாள். நான் எதிரே இருந்தேன். றேடியோவில் பிரெஞ்சுக்காரன் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். அது மட்டும் எனக்கு விளங்கியது.

பின்னேரம் பரம் இடியப்பத்தோடு இறங்கி வந்தார். கட்டிடம் முழுக்கச் செய்தி போயிருந்தது.

"அண்ணை, யோசியாதேங்கோ. நான் வந்த வருசம் முன் கண்ணாடியில ஐஸ் எண்டு கொதிதண்ணி ஊத்தினனான். கண்ணாடி இஞ்சாலயிருந்து அங்கால வரைக்கும் வெடிச்சுப் போச்சு. பேந்து கண்ணாடி மாத்திற வரைக்கும் தலையை வெளியால நீட்டிக்கொண்டு ஓடினனான். பொலிஸ்காரன் மறிச்சு, நீ நாயோ எண்டு கேட்டவன்."

யோகன் சிரித்து இருமினான். அவனைச் சிரிக்க வைத்ததற்காகப் பரமை எனக்குப் பிடித்தது.

வியாழன் பிந்தவில்லை. மலர் வேலைக்கு மெற்றோவில் போனாள். நான் யோகனை வாசலில் இறக்கிவிட்டுக் கார் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். அங்கே பிளக் இல்லை. நாலு மணித்தியாலம் அந்தக் குளிரில் நின்றால் பழைய பற்றரி படுத்துவிடும். அதனால் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன். காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். நிற்கிற வாகனம் புகை விடக் கூடாதாம். நிறுத்தினால் எடுக்காது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் யோசித்தார். கையால் வட்டம் போட்டுக் காட்டினார். அப்படியானால் சுற்றிவிட்டு வா.

அதுதான் என் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு மணித்தியாலத்திலும் இருபது நிமிசம் சுற்றுவேன், வந்து நிறுத்துவேன். மொன்றியலில் நான் பார்த்ததெல்லாம் இப்படிப் பார்த்ததுதான். வீடுகளுக்கு வெளியே மாடிப் படி. இரும்புப் படி, வளைந்து இறங்குகிறது, அதில் ஐஸ். இந்தக் குளிரில் படியை ஏன் வெளியே வைத்தார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு தெருவில் ஒரு மனிதர் பனிக் குவியலைச் சவளால் வெட்டிக் கார் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மூன்று தரம் சுற்றி வந்தும் வெட்டிக்கொண்டிருந்தார். நாலாம் தரம் கதவு வெளியே தெரிந்தது. அது அவருடைய கார் இல்லை. நிறம்தான் ஒன்று. ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போனார். கோபப்படவில்லை. மனதுக்குள் அவருக்கு வணக்கம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்று மலர் சொன்னாள். நகரத்துக்கு மேற்கே முருகன் கோயில் இருக்கிறது. காருக்கு ஒரு பூசை செய்ய வேண்டும் என்றாள். டிக்கியில் தேசிக்காய் வாங்கி வைத்திருந்தாள். ஐயர் வேட்டிக்கு மேலே தடித்த ஜாக்கெற், முழங்கால் வரை சப்பாத்து. மந்திரம் சொல்லும்போது வாயால் புகை வந்தது. கற்பூரம் காட்டினார். தேசிக்காயைச் சில்லுக்கு அடியில் வைத்தார். நான் மெதுவாக முன்னுக்கு எடுத்தேன். தேசிக்காய் நசியவில்லை. கல்லாக உறைந்திருந்தது. சில்லுக்கு அடியிலிருந்து பிதுங்கிப் பறந்து ஐயரின் சப்பாத்தில் அடித்தது. மலரின் முகம் மாறிவிட்டது. சகுனம் என்று நினைத்தாள்.

ஐயர் குனிந்து பார்க்கவும் இல்லை. ஜாக்கெற்றுக்குள் கை விட்டு வேறு தேசிக்காய் எடுத்தார். நெஞ்சுச் சூட்டில் வைத்திருந்திருக்கிறார்.

"தை மாசத்தில எல்லாற்ற தேசிக்காயும் இப்பிடித்தான் பிள்ளை. இதை வையுங்கோ."

அது நசிந்தது. ஓட்டுகிறவர் யார் என்று ஐயர் கேட்டார், திருநீறு வைக்க. நான் நெற்றியைக் காட்டினேன். மலர் தள்ளி நின்றாள்.

சனிக்கிழமை புயல். றோட்டில் கோடு இல்லை, ஓரம் இல்லை, எல்லாம் வெள்ளை. மலருக்கு வேலை இல்லாத நாள். முன் சீற்றில் இருந்தாள். ஒரு சந்தியில் இடப்பக்கம் திரும்பினேன். கோடு தெரியாததால் என் கை ஊர்ப் பழக்கத்தில் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. எதிரே இரண்டு பெரிய வெளிச்சம். பஸ். மலர் கத்தவில்லை.

"வலது," என்றாள்.

வெட்டினேன். கார் வால் ஆட்டிக்கொண்டு போய்ப் பனி மேட்டில் முட்டி நின்றது. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"இப்ப பின்னால எடுங்க. மெதுவா. கால எடுங்க. இப்ப முன்னுக்கு."

சொன்னபடி செய்தேன். கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு சந்தியிலும் அவள்தான் சொன்னாள். இறங்கும்போது யோகன் பின்னாலிருந்து சொன்னான், "ரெண்டு பேரும் சேந்து ஒரு டிரைவர்." பகிடியாகச் சொன்னானா தெரியவில்லை.

நான் யோசித்தேன். வரும்போது நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்து வந்தவன். கார் நகர்ந்தது எல்லாம் அவளால். நான் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கிழமை ஒழுங்கை பனியால் அடைபட்டுவிட்டது. காரைத் தெருவில் நிறுத்தினோம். திங்கள் காலை நான் மூலையில் உள்ள டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரரைப் பார்த்து போன்ஜூர் சொல்லப் பழகியிருந்தேன். காசு கொடுக்கும்போது வெளியே அபாயச் சங்கு ஊதியது. ஏறி இறங்கி ஊதியது. நான் என்னை அறியாமல் கடைச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அது பனி அள்ள வருகிறவர்கள் ஊதுவது. தெருவில் நிற்கிற கார்களை எடு, இல்லாவிட்டால் கட்டி இழுத்துக்கொண்டு போவோம் என்று அர்த்தம். பால் டப்பாவோடு ஓடினேன். ஓட முடியாது, ஐஸ். நடந்தேன்.

தெருவுக்கு வந்தபோது எங்கள் கார் நின்ற இடம் வெறுமை. இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். நாளைக்குச் செவ்வாய். அப்போது கட்டிடத்தின் மற்றப் பக்கத்தால் கார் வந்தது. மலர் ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுச் சட்டைக்கு மேலே கோட், காலில் யோகனின் சப்பாத்து. பனி அள்ளி முடித்த பக்கம் பார்த்து, இரண்டு காருக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். ஒரே தரத்தில். நான் என்றால் மூன்று தரம்.

யோகன் யன்னலில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறான். உள்ளே போனோம். மலர் தேத்தண்ணீர் ஊற்றினாள். யோகன் என்னிடம் சொன்னான், அவளிடம் இல்லை.

"பின் கண்ணாடிய துடைக்காம எடுத்தா."

ஒழுங்கை திறந்ததும் காரைத் திரும்ப அங்கே வயரில் மாட்டினோம். நாட்கள் போயின. கார் ஒவ்வொரு காலையும் எடுத்தது. நான் திரும்பிப் போகிற கிழமை வந்தது. நோயாளி வாகனத்துக்குப் பதில் வரவில்லை. வியாழன் பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்கு உப்பில்லாத மீன், எங்களுக்கு வேறு சட்டி. யோகன் சொன்னான், இனித் தானே ஓட்டுவதாம். திரும்பி வரும்போது தலை சுற்றினால்தானே கரைச்சல், போகும்போது ஓட்டலாம்.

"மறுகா எப்பிடித் திரும்பி வாற?" என்றாள் மலர். சட்டி கழுவிக்கொண்டு, திரும்பாமல்.

"வரக்குள்ள பாப்பம்."

"என்னத்த பாக்கிற?"

அவன் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, அவளால் பனியில் ஏலாது, கோடையில் பழகினது வேறு, சறுக்கினால் பயந்து பிரேக்கை மிதிப்பாள், அதோடு முடிஞ்சுது என்றான். மலர் பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடியது.

எனக்கு அதிகம் கதைக்க வராது. அவர்களுடைய வீட்டு விசயம் என்றும் இருந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை அவன் கதிரையில் நிமிர்ந்து இருந்ததை நான் எதிரே இருந்து பார்த்தவன்.

"மச்சான், கைப் பிரேக்க இழுத்தவன் நான். காருக்குக் கீழ படுத்துச் சில்ல எடுத்தவள் அவள். பஸ்ஸுக்கு முன்னால விட்டவன் நான். வலது எண்டு சொன்னவள் அவள். நீ என்னய நம்பி ஏறி இருந்தாய். என்னத்துக்கு?"

யோகன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பயந்தது காருக்கு இல்லை. மலருக்கு ஏதும் நடந்தால் தனக்கு யார் என்று பயந்தான். பிள்ளைகள் இல்லை. அதை அவன் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பகல் தானாகவே கோட் போட்டுக்கொண்டு வந்தான். காரின் திறப்பை மலரிடம் கொடுத்தான். ஒரு பெரிய கடையின் கார் தரிப்பிடத்துக்குப் போனோம். பின்பக்கம் கார்கள் இல்லை, முழுக்க ஐஸ். என்னை இறங்கி நிற்கச் சொன்னான். அவளை ஓட விட்டுச் சட்டென்று பிரேக்கை மிதிக்கச் சொன்னான். கார் பம்பரமாகச் சுற்றியது. திரும்பவும் மிதிக்கச் சொன்னான். திரும்பவும் சுற்றியது. பயத்தை முதலில் முடித்துவிடுகிறான் என்று எனக்கு விளங்கியது. பிறகு காலை எடுத்து, சறுக்குகிற பக்கமே ஸ்ரேறிங்கைத் திருப்பிப் பிடிக்கக் காட்டினான். நான் கடை வாசலில் ஒரு காப்பி வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். கார் சுற்றிக்கொண்டே சண்டை பிடித்தார்கள். காப்பி முடியும்போது கார் நேராக நின்றது.

சனிக்கிழமை என் கடைசி நாள். மறுநாள் விமானம். வந்ததிலேயே கூடிய குளிர் அன்றைக்குத்தான். கதவு பிடியில் கை ஒட்டியது. மலர் டிரைவர் சீற்றில். யோகன் பக்கத்தில். நான் பின்னால்.

"வயர்," என்றான் யோகன்.

"கழட்டிட்டன்."

"பின் கண்ணாடி."

"துடைச்சாச்சு. நீங்க பெல்ற்ற போடுங்க."

போனோம். அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் போனாள். ஒரு இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கியது. யோகனின் கை கைப் பிரேக் பக்கம் போய் நின்றது. அவள் காலை எடுத்தாள். கார் நேராகியது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"அண்ணன், நீங்க அவரோட உள்ள போங்க. நீங்க ஒரு நாளும் பார்க்கல்லத்தானே. கார நான் பார்க்கிறன்."

உண்மைதான். ஒரு மாதம் கொண்டுபோய் விட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. கார்தான் பார்த்தேன்.

மூன்றாம் தட்டு. நீளமான அறை. பெரிய கதிரைகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின். ஒரு கிரேக்கக் கிழவி கம்பளி பின்னிக்கொண்டிருந்தா. யோகனைப் பார்த்துத் தலையாட்டினா. நர்ஸ் வந்து அவன் கையில் இரண்டு தடித்த ஊசி ஏற்றினா. ஒரு குழாயால் இரத்தம் வெளியே போனது, ஒரு குழாயால் திரும்பி வந்தது. நடுவில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். சத்தம் ஒரே சீராக இருந்தது. நல்ல எஞ்சின்.

குளிருமா என்று கேட்டேன். வெளியே போய் வருகிற இரத்தம்தானே, குளிரும் என்றான். கம்பளியை அவன் கழுத்து வரை இழுத்துவிட்டேன். ஊர்ப் புதினம் கேட்டான். சொன்னேன். இவ்வளவு நாளும் அவன் கேட்கவில்லை. பாலத்தடியில் இப்போதும் மீன் விற்கிறார்களா என்றான். விற்கிறார்கள் என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை, இமை அசைந்தது.

ஒரு மணித்தியாலம் போனது.

"மச்சான்," என்றான். "யன்னலால பாரு. கார ஸ்டார்ட் பண்ணிட்டாளா? புகை தெரியுதா?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். கீழே புதுப் பனி தூவி, கார்க் கூரைகள் வெள்ளையாக வரிசையில் நின்றன. நாங்கள் நிறுத்துகிற இடம் எனக்குத் தெரியும், விளக்குக் கம்பத்துக்கு இடது பக்கம். அங்கே கார் அளவுக்குக் கறுப்பாகத் தார் தெரிந்தது. இரண்டு சில்லுத் தடம் கேற்றுக்குப் போய், வெளியே திரும்பியிருந்தது.

"கார் அங்க இல்ல."

"இல்லையா?"

"இல்ல. தெருவுக்குப் போயிருக்கு."

யோகன் மெஷினைப் பார்த்தான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தனியாக ஓட்டுகிறாள் என்று சொல்வான், போன் எடு என்று சொல்வான் என்று நான் யன்னலடியில் நின்றேன். அவன் ஊசி இல்லாத கையால் கம்பளியைச் சரிப்படுத்திக்கொண்டு மற்றப் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"அப்ப ஸ்டார்ட் ஆகிட்டு," என்றான்.